பதினேழாம் எண் முத்திரை

2002 ஆகஸ்டில் செங்கல்வராயன் முத்திரை குத்தி அனுப்பிய பெட்டிகளைவிட மஞ்சள் சீட்டு கட்டி நிறுத்திவைத்த பெட்டிகள் அதிகமாக இருந்தன. மறைமலைநகரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நடுத்தர ஆலையில் அவன் இறுதிப் பரிசோதகன். பிரேக்குக்குள் போகும் சுண்டுவிரல் அளவு பிஸ்டன் அவன் மேசைக்கு வரும். கேஜ் என்ற அளவுக்கருவியின் ஒரு வாயில் அது நுழைய வேண்டும், மறுவாயில் நுழையக் கூடாது. பிறகு விளக்கடியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டி நிறைந்ததும் அதன் அட்டையில் 17 என்ற எண் கொண்ட முத்திரையைக் குத்த வேண்டும். ஆலையில் அந்த எண் அவன் ஒருவனுக்குத்தான். அவன் முத்திரையோடு போன ஒரு பெட்டிகூடப் பத்து வருடத்தில் திரும்பி வந்ததில்லை.

அந்தக் கோடையில்தான் அது தொடங்கியது. முத்திரையைக் கையில் எடுத்ததும் ஒரு சந்தேகம் வரும். கடைசியாகச் சுற்றிய பிஸ்டனைக் கண் பார்த்ததா, கை மட்டும் சுற்றியதா? பெட்டியைக் கொட்டி முதலிலிருந்து பார்ப்பான். பார்த்து முடித்ததும் அதே கேள்வி மறுபடி வரும். மூன்றாவது முறை நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்க்கும், வியர்த்த கையால் தொட்டால் பிஸ்டனில் கறை படியுமே என்று இன்னொரு பயம் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் மஞ்சள் சீட்டு கட்டி நிறுத்து என்பது ஆலையின் சட்டம். சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள். ஆகவே யாரும் அவன்மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. பெட்டிகள் மட்டும் குவிந்தன.

உடன் வேலை செய்பவர்கள் அவன் பெட்டி அடுக்கிய ராக்கைப் பார்த்துக் கும்பிடு போடத் தொடங்கினார்கள். "இன்னா செங்கலு, மாரியாத்தா கோயில் கட்டிட்டியா? எங்க பாத்தாலும் மஞ்சளா கீது. கூழு எப்ப ஊத்துற?"

அவனும் சிரிப்பான். பிறகு ஒருநாள் மாலை கம்பெனி பஸ் சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் நின்றபோது, யாரிடமும் சொல்லாமல் இறங்கி, மறைமலைநகருக்கே நடந்து திரும்பி வந்து, மத்தியானம் அனுப்பிய பெட்டி ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று வாசல் காவலரிடம் கெஞ்சினான். லாரி புறப்பட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் மாரியாத்தாள் பேச்சை எடுக்கவில்லை.

தரப் பிரிவின் பொறியாளர் சம்பத் அவனை அழைத்து உட்காரவைத்தார். கெட்ட மனிதர் அல்ல. "இத பாரு செங்கல்வராயா. நீ நிறுத்துன முப்பத்தாறு பெட்டியையும் வேற ஆள வச்சுப் பார்த்தோம். ஒரு பீஸ் தப்பில்ல. பொங்கல் வரைக்கும் டைம். அதுக்குள்ள சரியாகலன்னா முத்திரைய ஒப்படைச்சிட்டு பேக்கிங் செக்‌ஷனுக்குப் போயிடு. சம்பளம் அதேதான்."

சம்பளம் அதேதான் என்று சொன்னதுதான் அவனைக் கூனிக் குறுக வைத்தது. பத்தொன்பது வயதில் பயிற்சிக்காரனாகச் சேர்ந்து, நூலளவு வித்தியாசத்தை விரல்நுனியில் உணரக் கற்று, இந்த மேசைக்கு வந்தவன். அவனுக்குத் தெரிந்த தொழில் பார்ப்பது ஒன்றுதான்.

வீட்டிலும் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். கேஸ் மூடியிருக்கிறதா, கதவு தாழிட்டிருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்களா. தினமும் மாலை தொலைபேசிக் கடையிலிருந்து தங்கை அம்சாவின் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வான். அம்சாவைத் திருக்கழுக்குன்றத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்துப் பத்து வருடமாகியிருந்தது. புருஷன் மோகன் அரிசி ஆலையில் டிரைவர். பெருங்குடிகாரன். அவள் தையல் மிஷின் வைத்துப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயதில் ஒரு மகள், வைஷாலி.

"நான் சாவலண்ணா. உயிரோடதான் கீறேன்," என்பாள் அம்சா, போனை எடுத்ததும். "நேத்தும் இதான் சொன்னேன். நாளைக்கும் இதான் சொல்லுவேன். பக்கத்து வூட்டு அக்கா மொகத்த பாக்க முடியல, வச்சிடு."

ஆலைக்கு வாரம் ஒருமுறை வரும் மருத்துவர் அவன் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "உங்களுக்கு உடம்புல ஒண்ணுமில்ல. கோவளத்துல ஒரு டிரஸ்ட் கிளினிக் இருக்கு. அங்க ஜெஸ்ஸின்னு ஒரு மனநல ஆலோசகர் இருக்காங்க, போய்ப் பேசுங்க," என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

குடியிருக்கும் செங்கல்பட்டிலேயே பார்த்துக்கொண்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். கோவளம் தூரம் என்பதே அவனுக்கு வசதியாகப் பட்டது. ஆலைக்கு வியாழக்கிழமை விடுமுறை. திருவிடந்தைப் பெருமாளுக்கு வேண்டுதல் என்று தெருவில் சொல்லிவிட்டுக் கிளம்பினான். திருவிடந்தை கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்ளும் கோயில் என்பது அவனுக்கு அப்போது நினைவில்லை. எதிர்வீட்டுப் பொன்னி விடவில்லை.

"யாருக்கு அண்ணே கல்யாணம்? உன் பெரிய புள்ளைக்கே ஏழு வயசுதானே ஆவுது? ரெண்டாவதா உனுக்கா? தமிழு, ஒரு வார்த்த கேட்டுக்கோடி, உன் வூட்டுக்காரரு மாலையோட வரப்போறாரு!"

தமிழ்ச்செல்வி மட்டும் உண்மை தெரிந்தவள். சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள். பொய்க்குச் சாட்சி வேண்டும் என்பதற்காக அவன் ஒவ்வொரு வாரமும் திரும்பும்போது திருவிடந்தையில் இறங்கித் துளசி வாங்கிவந்தான்.

ஜெஸ்ஸிக்கு ஐம்பது வயதிருக்கும். நாகர்கோவில் பக்கம். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. அறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு ஜன்னல், ஒரு கடிகாரம். மேசை குறுக்கே இல்லை. செங்கல்வராயன் கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சொல்லி முடித்தான்.

"அவ்ளோதான் மேடம்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மாத்திர எழுதுவீங்களா?"

"தூக்கத்துக்கு வேணும்னா செவ்வாய்க்கிழமை வர்ற டாக்டர் எழுதுவார். நான் மருந்து தர்றதில்ல. நாம பேசலாம். வாரம் ஒருநாள், இதே நேரம், ஐம்பது நிமிஷம்."

"இன்னா பேசணும்?"

"மனசுல வர்றது எதுவா இருந்தாலும். சரியா தப்பா, சொல்லலாமா கூடாதான்னு பார்க்காம அப்படியே சொல்லிடணும். அது ஒண்ணுதான் இங்க நீங்க செய்ய வேண்டியது."

உலகத்தில் அவனால் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டென்றால் அதுதான். பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பிப் பழக்கமில்லாதவன். அடுத்த ஐந்து வாரமும் பஸ்ஸிலேயே யோசித்து, ஒழுங்குபடுத்தி, கொண்டுவந்து ஒப்பித்தான். அவர் ஏதாவது கேட்டால் "ஓகே மேடம்" என்பான். ஒருநாள் அவனுக்கு முன்னால் வந்தவர் அழுதுகொண்டே இருந்ததால் செங்கல்வராயன் இருபது நிமிடம் வெளியே காத்திருந்தான். உள்ளே போனதும் அவர் கேட்டார்.

"காக்க வச்சது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"அதெல்லாம் பரவால்ல மேடம். உங்களுக்கு ஆயிரம் வேல."

"எனக்கு ஆயிரம் வேலைங்கிறது சரி. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"ஓகே மேடம்."

அவர் அதை விட்டுவிட்டார். ஆனால் கேட்டது அவனுக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல் என்று அவன் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பஸ்ஸில் தலைவலித்தது என்று வீட்டில் சொன்னான்.

ஏழாவது வாரம் ஒரு தாளோடு வந்தான். ஆலையில் ஒரு தவறு நடந்தால் "ஏன்-ஏன் தாள்" நிரப்ப வேண்டும். தவறு ஏன் நடந்தது என்று ஒரு கட்டத்தில் எழுதி, அது ஏன், அதுவும் ஏன் என்று ஐந்து முறை கேட்டுக் கீழே இறங்கினால் மூலகாரணம் வரும். அதற்கு எதிரே திருத்த நடவடிக்கை. சம்பத் கையெழுத்துப் போட்டால் விவகாரம் மூடப்படும். செங்கல்வராயன் அந்தத் தாள்களை எழுதுவதில் பேர்பெற்றவன். தனக்கே ஒன்று எழுதிவிட்டான், அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு.

பெட்டியை ஏன் நிறுத்துகிறேன்? தவறாகப் பார்த்துவிட்டேனோ என்ற பயம். பயம் ஏன்? ஒருமுறை தவறாகப் பார்த்திருக்கிறேன். எதை? அம்சாவுக்கு மாப்பிள்ளை பார்த்ததை. அது ஏன் தவறானது? போதுமான அளவு விசாரிக்கவில்லை. ஏன் விசாரிக்கவில்லை? அப்பா இல்லை, வயது இருபத்தைந்து, அனுபவக் குறைவு. மூலகாரணம்: அனுபவக் குறைவு. திருத்த நடவடிக்கை: அம்சாவுக்குத் தினமும் போன்.

ஜெஸ்ஸி தாளை நிதானமாக வாசித்தார். கேலி செய்யவில்லை. "நிறைய உழைச்சிருக்கீங்க."

"மூடிடலாமா மேடம்?"

"மூட அவசரமா இருக்கா?"

"பொங்கலு வருதில்ல."

அவர் முகத்தில் புன்னகை வந்து போனது. "இதுல எல்லாம் இருக்கு, அன்னைக்கு நடந்தது மட்டும் இல்ல. மாப்பிள்ளை பார்க்கப் போன நாளைச் சொல்லுங்களேன்."

"போனோம் மேடம். பெரியப்பா, மாமா, நானு. காப்பி குடுத்தாங்க. பேசிட்டு வந்தோம்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்." அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மிச்சமிருந்த அரை மணி நேரமும் கோவளம் பஸ் சரியாக வருவதில்லை என்பதைப் பற்றிப் பேசினான்.

நவம்பர் தொடக்கத்தில் அவர் ஒரு செய்தி சொன்னார். மகளுக்குப் பிரசவம். மூன்று வியாழக்கிழமைகள் அவர் இருக்கமாட்டார். இந்த நேரத்தில் போவது அவனுக்குச் சிரமமாக இருக்கும் என்று தெரிகிறது, அதைப் பற்றிப் பேசலாம் என்றார்.

"எனக்கு இன்னா மேடம், நல்லாத்தான் கீறேன். நீங்க போய்ட்டு வாங்க."

"நல்லாத்தான் இருக்கீங்களா?"

"ஓகே மேடம்."

அந்த மூன்று வாரத்தில் அவன் தூக்கம் முற்றிலும் போனது. இரண்டாவது வாரம், வெளியூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு அவசரமாகப் போக வேண்டிய நான்கு பெட்டிகளுக்கு மஞ்சள் சீட்டு கட்டிவிட்டு, சீட்டை அவிழ்க்க வந்த ஆளின் கையைப் பிடித்துத் தள்ளினான். ஆலை முழுக்க வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சம்பத் பொங்கல் வரை காத்திருக்கவில்லை. அன்றே முத்திரையை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "மொத்தமா தூக்கிட்டேன்னு நினைக்காத. இப்போதைக்கு பேக்கிங்ல இரு. பொங்கலுக்குப் பாக்கலாம்."

ஜெஸ்ஸி திரும்பிய முதல் வியாழக்கிழமை செங்கல்வராயன் கோவளம் வரை போனான். பேருந்து நிறுத்தத்திலேயே பதினொன்று முதல் பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினான். அடுத்த வாரம் உள்ளே போனபோது நேரம் பதினொன்று இருபத்தைந்து. அவன் ஒருநாளும் தாமதித்ததில்லை.

அவர் காத்திருந்தார். அவன் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்தான்.

"பேரக்கொழந்த எப்டி கீது?"

"நல்லா இருக்கு. உங்களுக்கு என்மேல கோபம் இருக்கலாம்."

"கோவம் இன்னாத்துக்கு? நான் யாரு உங்கமேல கோவப்பட?"

அவன் குரல் அவனறியாமல் உயர்ந்தது.

"முத்திரைய புடுங்கிட்டாங்க மேடம். அட்டப் பொட்டிக்கு டேப்பு ஒட்டிகினு கீறேன். நான் நல்லா இல்லன்னு உங்களுக்குத் தெரியும். நான் ஓகே சொன்னா ஓகேவா? படிச்சவங்கதானே நீங்க? என் மூஞ்சிய பாத்தாலே தெரியும். தெரிஞ்சிகினே, இவன் சொல்லிட்டான்னு, உங்க வேல முக்கியம்னு போயிட்டீங்க. பாத்தும் பாக்காத மாதிரி—"

வாக்கியம் அங்கேயே நின்றது.

"நீங்க சொன்னது சரி," என்றார் ஜெஸ்ஸி. "எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் போனேன். போக வேண்டியிருந்துச்சு, ஆனா தெரிஞ்சுதான் போனேன்."

அவர் மறுத்திருந்தால் அவன் எழுந்து வந்திருப்பான். அவர் அப்படிச் செய்யாததால் அவனுக்குப் போக வழியில்லை. பேசத் தொடங்கினான். மெதுவாக, இடையிடையே நிறுத்தி, முதன்முறையாக எதையும் ஒழுங்குபடுத்தாமல்.

1992 ஆடிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மோகன் வீட்டுக் கூடத்தில் பெரியப்பா, மாமாவோடு உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளையே தண்ணீர் லோட்டா கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அப்படியும் நீர் விளிம்பில் அலைந்தது. வாயில் லவங்கம் மென்றுகொண்டிருந்தான். செங்கல்வராயன் அதற்கு ஆறு வருடம் முன்பிருந்தே கைகளைப் பார்த்துப் பழகியவன். கை நடுங்குபவனிடம் அளவுக்கருவி கொடுக்கக் கூடாது என்பது பயிற்சியில் முதல் பாடம். பயத்தில் நடுங்கும் கை எது, காலையில் குடிக்காததால் நடுங்கும் கை எது என்று அவனுக்குத் தெரியும். அவன் பார்த்தான். ஒரு சந்தேகமும் இல்லாமல் பார்த்தான்.

மாமா என்பவர் தமிழ்ச்செல்வியின் அப்பா. தமிழ்ச்செல்வியை அவனுக்குத் தருவதாகப் பேச்சு. தங்கையை வைத்துக்கொண்டு அண்ணன் தாலி கட்டுவதில்லை. தை மாதத்துக்குள் முடியாவிட்டால் வேறிடம் பார்ப்பதாக மாமா சொல்லியிருந்தார். இன்னொரு மாப்பிள்ளை தேட ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும்.

"இன்னாப்பா சொல்ற? படிச்சவன் நீ, கம்பெனில வேல செய்யிறவன்," என்று பெரியப்பா கேட்டார்.

"சரியாத்தான் கீது. நாள் பாருங்க," என்று அவன் சொன்னான். ஆவணியில் அம்சாவுக்குக் கல்யாணம். தையில் அவனுக்கு.

"விசாரிக்காம வுட்டேன்னு எழுதினேன் மேடம். விசாரிக்கவே வேணாம். தெரிஞ்சிதான் வுட்டேன்."

நேரம் முடிந்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது. ஜெஸ்ஸி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மன்னிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "பார்க்காம விட்டிருப்பேனோங்கிற பயத்தோட வாழுறது, தெரிஞ்சே விட்டோம்னு ஒத்துக்கிறதைவிடச் சுலபமா இருந்திருக்கும்," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரங்களில் அவன் அதையே வெவ்வேறு பக்கத்திலிருந்து பேசினான். போன மே மாதம் அம்சா ஒரு கல்யாணத்தில் முன்பல் ஒன்று இல்லாமல் வந்து, மிஷின் சக்கரம் பட்டுவிட்டது என்று சொன்னதும், அவன் சரி என்று தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன. பெட்டிகளை நிறுத்தத் தொடங்கியது அதற்கு அடுத்த வாரம். இதையும் அவனே சொன்னான்.

"அம்சா கிட்ட சொல்லிடணுமா மேடம்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நீங்க சொல்லுங்க. சொல்லுன்னா சொல்லிடறேன்."

"நான் சொல்லிச் செஞ்சா, அது என்னோட முடிவா ஆயிடும் இல்லையா? நீங்க சொல்லப் போறது அவங்களுக்கு என்ன செய்யும்னு நமக்குத் தெரியாது. அதையும் யோசிங்க."

அவன் அதை யோசிக்கவில்லை. முதலில் தமிழ்ச்செல்வியிடம் சொன்னான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப எனுக்காவத்தான் அவ கெட்டாளா?" என்றாள்.

"உன்ன சொல்லல தமிழு."

"வேற யார சொல்ற? பத்து வருசமா அவ மூஞ்சிக்கு நேரா கல்யாணப் பொடவ கட்டிகினு திரிஞ்சிருக்கேன், எனுக்கு ஒண்ணுமே தெரியாம." இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

டிசம்பர் கடைசி வியாழக்கிழமை கோவளத்திலிருந்து திரும்பும்போது திருக்கழுக்குன்றத்துக்கு முன்பே இறங்கினான். நாலு மாதமாக அந்தப் பஸ் அம்சாவின் ஊர்த் திருப்பத்தைக் கடந்துதான் போகிறது, ஒருநாளும் அவன் இறங்கியதில்லை. அவள் பாவாடை ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள். மோகன் வேலைக்குப் போயிருந்தான்.

"இன்னாண்ணா, போன் கெட்டுப்போச்சா? ஆளே நேர்ல வந்து உயிரோட கீறேனான்னு பாக்குற."

அவன் நின்றபடியே சொன்னான். லோட்டா, கை, லவங்கம், தை மாதம் எல்லாவற்றையும். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தையல் முடிந்ததும்தான் அவள் காலை எடுத்தாள்.

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நல்லா தெரியுமா, இல்ல சந்தேகமா?"

"நல்லா தெரியும்."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். பல் இல்லாத இடத்தில் நூல் நழுவியது, கத்தரியை எடுத்து வெட்டினாள்.

"என் தலையெழுத்துன்னு நெனச்சிகினு இருந்தேன். அம்மாவும் அதான் சொல்லிச்சி. யாரு மேலயும் கோவம் இல்லாம இருந்துச்சி. ஒருமாதிரி ஓடிச்சி." அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உனுக்கு பாரம் எறங்கிச்சா? இப்ப நான் எங்க கொண்டுபோயி எறக்குறது? போ. போன் பண்ணாத."

அவன் போன் செய்யவில்லை. பொங்கலுக்கு வரிசை எடுத்துக்கொண்டு போனபோது வைஷாலி வந்து வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். அம்சா வெளியே வரவில்லை.

பொங்கல் கழிந்த வாரம் சம்பத் இழுப்பறையைத் திறந்தார். "ஒரு மாசம் பாக்குறேன்," என்றார். முதல் பெட்டி நிறைந்து, கை முத்திரையை எடுத்ததும் பழைய கேள்வி வந்தது. நெஞ்சும் அடித்துக்கொண்டது. கண் பார்த்ததா, கை சுற்றியதா? கண் பார்த்தது என்று அவனுக்குத் தெரிந்தது. பிஸ்டன் விஷயத்தில் அவன் கண் எப்போதும் பார்த்தே இருந்தது. குத்தினான். அன்று பதினொரு பெட்டி போனது. ஒன்றைத் திரும்பக் கொட்டினான், அதையும் கடைசியில் அனுப்பிவிட்டான். மாலை பஸ்ஸில் யாரோ கூழு இல்லையா என்று கேட்டார்கள். அவனால் சிரிக்க முடியவில்லை. பயம் குறைந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு மஞ்சள் சீட்டு கட்ட முடியாது. ஜெஸ்ஸியிடம் இதைச் சொன்னபோது, "இது பயம் இல்ல, வருத்தம்," என்றார். "போயிடுமா?" என்று கேட்டான். "தெரியல. ஆனா இதோட தூங்க முடியும்," என்றார். தூங்கத்தான் செய்தான்.

மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலை. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அம்சா வாசலில் நின்றாள். ஒரு கையில் பை, மறுகையில் வைஷாலி. கன்னத்தில் ஒரு காயமும் இல்லை. முந்தின நாள் சண்டைகூட இல்லையாம்.

"ரெண்டு மாசமா யோசிச்சிப் பாத்தேன்," என்றாள், உள்ளே வராமல். "தலையெழுத்துன்னா மாத்த முடியாது. இது நீ பண்ணதுதானே? மாத்தலாம். எனுக்கு ஒரு ரூம்பு வோணும், மிஷின் போட எடம் வோணும். அப்புறம் நீ போயி அவன் கிட்ட சொல்லணும். நான் சொல்லமாட்டேன். நீதான பாத்த, நீயே போயி சொல்லு."

தமிழ்ச்செல்வி முன்னால் வந்து பையை வாங்கிக்கொண்டாள். "உள்ள வா," என்றாள்.

செங்கல்வராயன் அன்று வேலைக்குப் போகவில்லை. மதியத்துக்குமுன் மோகன் வீட்டில் இருந்தான். மோகன் குளித்து, வெளுத்த சட்டை போட்டிருந்தான். பெண்டாட்டி போனது தெரிந்திருந்தது.

"உக்காருங்க மச்சான்."

"உக்கார வரல. அம்சா இனிமே என் வூட்லதான் இருப்பா. நான்தான் பாத்துக் குடுத்தேன். நான் பாத்தது தப்பு. அத்த சொல்லத்தான் வந்தேன்."

சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்திருந்தான். மோகன் சுவரோரம் குந்திக்கொண்டான்.

"நீங்க பாத்தீங்கன்னு எனுக்குத் தெரியும் மச்சான். அன்னிக்கு என் கையத்தான் பாத்துகினு இருந்தீங்க. உள்ள போயி எங்கம்மா கிட்ட சொன்னேன், அவுரு கண்டுபுடிச்சிட்டாரு, சம்பந்தம் போச்சுன்னு. வெளிய வந்தா நாள் பாக்கச் சொல்றீங்க. அட, இவுரே பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, அப்ப இது அவ்ளோ பெரிய விசயம் இல்லபோலன்னு நெனச்சிகினேன். நீங்க வேணாம்னு எழுந்து போயிருந்தா அன்னிக்கே நான் குடிய வுட்டிருப்பனோ இன்னாவோ."

அது உண்மையா, குடிப்பவன் சொல்லும் சாக்கா என்று செங்கல்வராயனுக்குத் தெரியவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம். மிஷினை எடுக்க நாளை ஆள் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தான்.

வீட்டில் தமிழ்ச்செல்வியும் அம்சாவும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். வைஷாலி தூங்கிக்கொண்டிருந்ததால் அம்சா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இன்னா சொன்னான்?"

ஒன்றும் சொல்லவில்லை என்ற வார்த்தை அவன் நாக்குவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, மோகன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னான்.

அம்சா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நீ அவன பாத்துகினு இருந்திருக்க. அவன் உன்ன பாத்துகினு இருந்திருக்கான்," என்றாள். "என்னைத்தான் யாரும் பாக்கல." பிறகு, "அவ்ளோதானா? இன்னும் எதுனா கீதா?"

"அவ்ளோதான்."

"சோறு போடு அண்ணி," என்றாள் அம்சா.